சேவைக்குப் போகும் மாணவியர்: நாஞ்சில் நாட்டு மகளிர் கல்லூரிகளின் ஊர்ப்பணி குறித்து

கல்லூரிப் பெண் ஒருத்தி ஊருக்குள் போய்ப் பணி செய்தால் பயன் அடைவது யார்? ஊரா, அவளா, அவளை அனுப்பி வைத்த நிறுவனமா? பெண்கல்வி வேர்விட்ட காலந்தொட்டே நாகர்கோவில் வட்டாரத்தில் இந்தக் கேள்வி இருந்து வருகிறது. மிஷன் பள்ளி ஒரு விடை சொன்னது. காந்தியப் பணியாளர்கள் வேறொன்று சொன்னார்கள். 1969இல் இந்திய அரசு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கியபோது மூன்றாவது விடை விதிமுறைகளோடு வந்தது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் முறை பரவிய பிறகு நான்காவது விடை சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டது. இன்று இந்த நான்கும் ஒரே வளாகத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. பணி செய்பவர்களுக்கேகூட, தாம் எந்த விடையின்படி நடக்கிறோம் என்பது எப்போதும் தெளிவாக இருப்பதில்லை.

அந்த விடைகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, இந்த மண்ணில் எங்கே பொருந்துகிறது, எங்கே இடறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எல்லை பற்றி ஒரு சொல். நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களையே குறிக்கும். கல்குளமும் விளவங்கோடும் வேறு. ஆனால் நாகர்கோவில் கல்லூரிகளுக்கு மாணவியர் மாவட்டத்தின் எல்லா வட்டங்களிலிருந்தும் வருகிறார்கள் என்பதால் மாவட்டம் முழுவதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. 1965இல் தொடங்கிய திருச்சிலுவைக் கல்லூரி, 1973இல் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, குழித்துறை ஸ்ரீதேவி குமரி மகளிர் கல்லூரி, சுங்கான்கடை ஸ்ரீ ஐயப்பா மகளிர் கல்லூரி ஆகியவை இந்த வரலாற்றின் முதன்மையான களங்கள். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி போன்ற இருபாலர் கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு.

சகோதரியர் சங்கமும் நலப்பணி அலகும்

உலகில் மாணவியர் கூட்டாகச் சேவை செய்த வரலாற்றைப் பேசும்போது முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் 'சொராரிட்டி' எனப்படும் சகோதரியர் சங்கங்கள். 1851இல் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், வெஸ்லியன் கல்லூரியில் அடெல்ஃபியன் சங்கம் தோன்றியது. அது பின்னாளில் ஆல்ஃபா டெல்டா பை என்ற கிரேக்க எழுத்துப் பெயரைப் பெற்றது. தொடக்கத்தில் இவை படிப்புக்கும் தோழமைக்குமான சிறு வட்டங்கள். யாரைச் சேர்ப்பது என்பதை உறுப்பினர்களே முடிவு செய்தார்கள். அதனால் நிறமும் வர்க்கமும் வாசலில் நின்றே தேர்வு நடத்தின.

அந்த வாசல் திறக்காததால் கறுப்பினப் பெண்கள் தங்களுக்கெனச் சங்கங்கள் அமைத்தனர். 1908இல் வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா அவற்றில் முதலாவது. இதன் ஒரு பணியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் கேள்விக்கு அது நேரடியாக ஒளி தருகிறது. 1934இல் இச்சங்கத்தார் மிசிசிப்பி மாநிலத்து நாட்டுப்புற ஆசிரியர்களுக்குக் கோடைகாலப் பயிற்சிப் பள்ளி நடத்தப் போனார்கள். போன இடத்தில் பிள்ளைகள் நோயிலும் பட்டினியிலும் இருப்பதைக் கண்டார்கள். பாடம் பிறகு, உடல்நலம் முதலில் என்று திட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள். 1935 முதல் 1942 வரை மருத்துவர் டாரத்தி ஃபெரிபீ தலைமையில் கோடைதோறும் அங்கே மருத்துவ முகாம்கள் நடந்தன. பண்ணை முதலாளிகள் குத்தகை உழவர்களை நகரத்து மருத்துவ மையத்துக்கு விட மறுத்தபோது, மருந்துகளைக் கார்களில் ஏற்றிக்கொண்டு பண்ணைகளுக்கே போனார்கள். அம்மைத் தடுப்பும் தொண்டை அடைப்பான் தடுப்பூசியும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கிடைத்தன.

இதை நம் ஊர்க் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலகோடு வைத்துப் பார்த்தால் இரண்டு வேறுபாடுகள் தெரியும். முதலாவது நமக்குச் சாதகமானது. நலப்பணி அலகில் சேர யாருடைய தேர்வும் தேவையில்லை. மீனவர் வீட்டுப் பெண்ணும் வயல்கார வீட்டுப் பெண்ணும் ஒரே பதிவேட்டில் பெயர் எழுதலாம். இரண்டாவது நம் குறை. சகோதரியர் சங்கத்து உறுப்புரிமை வாழ்நாள் முழுதும் நீடிப்பது. மிசிசிப்பிக்குப் போனவர்களில் படிப்பை முடித்து ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் மருத்துவர்களாகவும் ஆன பெண்கள் இருந்தார்கள். நம் அலகில் பட்டம் வாங்கும் நாளோடு உறவு முடிந்துவிடுகிறது. ஓர் ஊரின் தேவையை அறிந்த பெண்கள் மூன்றாம் ஆண்டு முடிவில் போய்விடுகிறார்கள். அடுத்து வருபவர்கள் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

ரேந்தை பின்னிய கைகள்

நாகர்கோவிலில் முதல் விடை லண்டன் மிஷன் வழியாக வந்தது. 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் பள்ளி தொடங்கினார். 1819இன் இறுதியில் மால்ட் ஐயரும் அவர் மனைவி மார்த்தா அம்மையாரும் நாகர்கோவிலுக்கு வந்தபின் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி உருப்பெற்றது. இன்றும் டதி பள்ளி என்ற பெயரில் தொடர்வது அந்த மரபே. அங்கே எழுத்தோடு ரேந்தை எனப்படும் 'லேஸ்' பின்னலும் கற்றுத்தந்தார்கள். போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்த 'ரேந்தை' இப்பகுதிப் பேச்சில் நெடுங்காலம் புழங்கியது.

ரேந்தை வெறும் கைவேலையாக நிற்கவில்லை. அதன் வருமானம் பள்ளியைத் தாங்கியது. பின்னல் கூலியைச் சேர்த்து, அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர் தங்களையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டதாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அறிவிப்பு 1855இல்தான் வந்தது என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும். தோள்சீலைப் போராட்டத்தின் ஆண்டுகளும் இவையே. மேலாடை அணியும் உரிமைக்காக 1820களில் தொடங்கிய மோதல்கள் 1859 அரச அறிவிப்பு வரை நீண்டன. பள்ளிக்கூடத்துப் பெண்கள் தைத்த குப்பாயம் அந்தக் காலத்தில் துணி மட்டுமாக இருக்கவில்லை.

மிஷன் நிலைப்பாட்டைச் சுருக்கினால் இப்படி வரும்: கற்ற பெண் தன் கல்வியை வீடுவீடாகக் கொண்டுபோகக் கடமைப்பட்டவள். பள்ளியிலிருந்து வெளிவந்த பெண்கள் ஆசிரியைகளாகவும், வீடுகளுக்குள் போய் எழுத்தும் வேதமும் சொல்லித்தரும் ஊழியர்களாகவும், பின்னர் நெய்யூர் மருத்துவ மிஷன் போன்ற இடங்களில் செவிலியர்களாகவும் ஆனார்கள். 1893இல் கல்லூரியாக உயர்ந்த ஸ்காட் கல்லூரிக்கும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த மகளிர் கல்லூரிகளுக்கும் இந்தக் கடமை உணர்வு பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்தது. திருச்சிலுவைக் கல்லூரியை நடத்தும் அருட்சகோதரிகளின் சபை 1844இல் சுவிட்சர்லாந்தின் மென்சிங்கனில் பிறந்தது. ஏழைப் பெண்பிள்ளைகளின் கல்வியே அதன் தொடக்க நோக்கம். வேறு திருச்சபையிலிருந்து, வேறு வழியாக வந்தாலும் அங்கும் கருத்து ஒன்றுதான்.

இதன் மீதான விமர்சனமும் வலுவானது. தென்னிந்தியப் புராட்டஸ்டன்ட் பெண்களைப் பற்றி எலைசா கென்ட் 2004இல் வெளியிட்ட ஆய்வு, மிஷன் தந்த கல்வி பெண்களுக்கு மதிப்பைத் தந்த அதே கையால் அடக்கம், இல்லற ஒழுங்கு என்ற புதிய வரம்புகளையும் வரைந்தது என்று காட்டுகிறது. சேவை செய்யும் பெண் நல்லவள் என்ற எண்ணம், கேள்வி கேட்கும் பெண்ணுக்கு எவ்வளவு இடம் விட்டது? ரேந்தை பின்னியவளே தன் கூலியை முடிவு செய்தாளா? விடுதலைக்கும் அடக்கத்துக்கும் ஒரே ஊசியால் நூல் கோக்கப்பட்டது என்று சொல்வதே நியாயமாக இருக்கும். ஒன்றை மட்டும் பார்ப்பவர் இந்த வரலாற்றில் பாதியையே பார்க்கிறார்.

இன்னொரு சிக்கல் காரண காரியம் பற்றியது. 1817இலேயே ராணி கௌரி பார்வதி பாயி, கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று அறிவித்திருந்தார். தாய்வழி மரபுடைய சாதிகளில் பெண்ணுக்கு வேறொரு நிலை இருந்தது. ராபின் ஜெஃப்ரி, 1992இல் வெளியான கேரளம் பற்றிய நூலில், எழுத்தறிந்த பெண்களே அச்சமூக நலத்தின் அச்சாணி என்று வாதிட்டு, அதற்கான வேர்களை மிஷனில் மட்டும் தேடாமல் பல இடங்களில் தேடுகிறார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரிக்கும் அந்த வாதம் பொருந்தும். இம்மாவட்டத்துப் பெண்களின் முன்னேற்றத்தை ஒரே நிறுவனத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது.

காந்திகிராமத்து வழி

இரண்டாவது விடைக்கு ஈகையைவிடத் தன்மாற்றம் முக்கியம். ஊருக்குக் கொடுக்கப் போவதற்கு முன் ஊரோடு வாழக் கற்றுக்கொள் என்பது அதன் சாரம். தமிழகத்தில் இதற்கு முகம் தந்தவர் டாக்டர் சௌந்தரம். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள்; இளவயதில் கணவரை இழந்தவர்; டில்லியில் மருத்துவம் படித்தவர். காந்தியின் ஆசியோடு 1940இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். ராமச்சந்திரன் நமக்கு அயல்வீட்டுக்காரர், நெய்யாற்றின்கரை வட்டாரத்தவர். 1947இல் இருவரும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே மாணவர் படிப்பும் ஊர்ப்பணியும் ஒரே கால அட்டவணையில் இருந்தன.

சௌந்தரம் 1962 முதல் 1967 வரை மத்தியக் கல்வித் துணை அமைச்சராக இருந்தார். நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு வித்திட்டவர் அவரே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. காலவரிசை இதற்கு ஓரளவே துணை நிற்கிறது. திட்டம் தொடங்கியபோது அவர் பதவியில் இல்லை. மாணவர் சேவை பற்றிய குழு அறிக்கைகள் அவர் பதவிக்கு வருமுன்பே டில்லியில் இருந்தன. ஆயினும் செயல்படும் ஒரு முன்மாதிரியைக் கையில் வைத்திருந்த ஒருவர் அந்த அமைச்சகத்தில் ஐந்து ஆண்டுகள் இருந்தது விளைவில்லாமல் போயிருக்க முடியாது.

நாகர்கோவிலில் காந்திய மரபு வேறொரு களத்தில் ஆழமாக வேலை செய்தது. டாக்டர் எம்.இ. நாயுடு போன்றோர் முன்நின்ற சுசீந்திரம் சத்தியாகிரகமும், 1936இன் ஆலய நுழைவு அறிவிப்பும் அந்த வரலாற்றின் பகுதிகள். கோயில் தெருவில் நடக்கும் உரிமையே ஒரு காலத்தில் இங்கே 'ஊர்ப்பணி'யாக இருந்தது என்பதை, முகாமில் தெருக் கூட்டும் மாணவியருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பேன். காந்திய விடையின் பலவீனம் அதன் அளவு. காந்திகிராமம் போன்ற ஓர் இடத்தில், முழு நேரமும் ஊருக்குள் வாழும் ஆசிரியர்களைக் கொண்டு செய்ததை, நகரத்தில் பாடவேளைகளுக்குள் இயங்கும் கல்லூரி எப்படிச் செய்யும்? அந்த இடைவெளியைத்தான் அரசு மணிக்கணக்கால் நிரப்ப முயன்றது.

240 மணி நேரம்

டில்லியின் சிந்தனை வளர்ந்த பாதை நீளமானது. 1948-49இன் ராதாகிருஷ்ணன் குழு, மாணவர் சேவை விருப்பத்தின்பாற்பட்டதாக இருக்க வேண்டும் என்றது. 1959இல் சி.டி. தேஷ்முக் குழு அதைக் கட்டாயமாக்கலாம் என்றது. மறு ஆண்டே பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே.ஜி. சையதைன், மீண்டும் விருப்பத்தின் பக்கம் சாய்ந்தார். 1964-66இன் கோத்தாரி குழு கல்வியின் எல்லாப் படிகளிலும் ஏதேனும் ஒரு சமூக சேவை இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கடைசியில் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, வி.கே.ஆர்.வி. ராவ் கல்வி அமைச்சராக இருந்தபோது, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு திட்டம் தொடங்கியது. கட்டாயமா விருப்பமா என்ற வழக்கு அன்றோடு தீர்ந்ததாகத் தோன்றியது. அது தீரவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

விதிமுறை தெரிந்ததுதான். ஓர் அலகுக்கு 100 மாணவர், அவர்களுக்கு ஒரு திட்ட அலுவலர். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240. தத்தெடுத்த கிராமம் ஒன்றில் ஏழு நாள் சிறப்பு முகாம். பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்கல். காலையில் உடலுழைப்பு, பிற்பகலில் கருத்துரை, மாலையில் ஊராருடன் கலைநிகழ்ச்சி. கருப்பொருள்கள் டில்லியிலிருந்து மாறிமாறி வந்தன. 1970களில் பஞ்சமும் நோயும், 1980களில் எழுத்தறிவு, 1990களில் எய்ட்ஸ் விழிப்புணர்வு. தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் எழுந்த 1990களின் தொடக்கத்தில் கல்லூரி இளைஞர்களின் பங்கு குறிப்பிடத்தக்கதாக இருந்தது.

இந்த விடையின் சிறப்பு அதன் எளிமை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண், வீட்டைவிட்டு ஏழு இரவுகள் வெளியே தங்க, பெற்றோர் ஒப்புக்கொள்ளும் காரணமாக முகாம் அமைந்தது. இதை யாரும் திட்ட நோக்கமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் மாணவியரைப் பொறுத்தவரை அதன் மிகப் பெரிய பயன்களில் ஒன்று இதுவாகவே இருந்திருக்கக்கூடும். ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசுவது, ஊராட்சித் தலைவரிடம் போய்க் கேட்பது, வேறு சாதிப் பெண்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு ஒரே பாயில் படுப்பது ஆகியவை பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்கள்.

இலிச்சின் எதிர்ப்பு

நலப்பணித் திட்டம் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்னர், 1968 ஏப்ரலில், மெக்சிகோவின் குவர்னவாகாவில் சிந்தனையாளர் இவான் இலிச் அமெரிக்க மாணவத் தொண்டர்கள் முன் பேசினார். உங்கள் நல்லெண்ணம் இந்த ஊர் மக்களுக்கு உதவாது; உங்களுக்குத் தெரியாத மொழியில், நீங்கள் அறியாத வாழ்க்கைக்குள் புகுந்து உங்கள் வாழ்க்கை முறையை விற்கிறீர்கள்; வாருங்கள், பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் உதவ வராதீர்கள் என்ற பொருள்பட அவர் சொன்னார். சேவை பற்றிய விவாதங்களில் இதைவிடக் கடுமையான மறுப்பு அரிது. அதே காலத்தில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே, கற்பிப்பவர் நிரப்புபவர், கற்பவர் வெற்றுப் பாத்திரம் என்ற எண்ணத்தைத் தாக்கினார். அவருடைய சிந்தனை 1978க்குப் பிந்தைய இந்திய வயதுவந்தோர் கல்விப் பேச்சில் ஆழமாகப் பதிந்தது.

இலிச்சின் வாதத்தை நம் கல்லூரிகள்மீது அப்படியே வைக்க முடியாது. அவர் எதிரே இருந்தவர்கள் வேற்று நாட்டவர், வேற்று மொழியினர். ராஜாக்கமங்கலத்து முகாமுக்குப் போகும் தக்கலைப் பெண்ணுக்கு மொழி ஒன்று, பேருந்து ஒன்று, பல நேரம் உறவும் ஒன்று. ஆனால் இந்த நெருக்கமே வேறொரு கேள்வியை எழுப்புகிறது. இதுவரை வந்த ஆய்வுப் பேச்சு அதைப் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கருத்து.

எழுத்தறிந்த மாவட்டத்தில் சேவை

மேலே சொன்ன மூன்று விடைகளும் ஒரு படத்தைப் பொதுவாக வைத்திருக்கின்றன. ஒரு பக்கம் அறிந்த மாணவர், மறுபக்கம் அறியாத கிராமம், நடுவில் ஒரு பயணம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் படம் எங்கே இருக்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். பெண்களில் மட்டும் பார்த்தால் 89.90, மாநிலத்தின் பெண் எழுத்தறிவு அப்போது 73.44தான். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். மக்களில் 82 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நகரப் பகுதியில் வாழ்வதாக அதே கணக்கு பதிவு செய்கிறது. பேரூராட்சிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் நிலப்பரப்பு இது. தோவாளையிலிருந்து களியக்காவிளை வரை போனால் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தத்தெடுக்கக் 'கிராமம்' தேடும் திட்டம் இங்கே தன் அடிப்படைச் சொல்லிலேயே தடுமாறுகிறது.

சேவை பெறுபவராகக் கருதப்படும் பெண் யார் என்று பார்த்தால் தடுமாற்றம் இன்னும் தெளிவாகும். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் முந்திரி ஆலைகளில் கொட்டை உடைக்கும் பெண்கள் பலர் பள்ளிப் படிப்பு உள்ளவர்கள். நாளிதழ் படிக்கிறார்கள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது அகரம் அன்று. முந்திரி ஓட்டின் எண்ணெயால் புண்ணாகும் கைக்குப் பாதுகாப்பும், வேலை நாட்களுக்கு உறுதியும், வைப்புநிதிக் கணக்கில் என்ன இருக்கிறது என்ற தெளிவும் வேண்டும். கடற்கரையில் மீன் விற்கும் பெண்ணுக்குப் பேருந்தில் கூடையோடு ஏற இடமும், வட்டிக் கடனிலிருந்து மீள வழியும் வேண்டும். தூய்மை விழிப்புணர்வுப் பேரணி இவற்றில் எதையும் தொடுவதில்லை. தொட வேண்டுமானால் மாணவியருக்குத் தொழிலாளர் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், புள்ளிவிவரம் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், சில நேரம் ஆலை முதலாளிக்கும் அதிகாரிக்கும் பிடிக்காத ஒன்றை எழுதவும் வேண்டும். மிசிசிப்பியில் பாடப்புத்தகத்தை வைத்துவிட்டு மருந்துப் பெட்டியை எடுத்த பெண்கள் அப்படிப்பட்ட ஒரு திருப்பத்தைத்தான் செய்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த முந்திரி ஆலைத் தொழிலாளியின் மகளே இன்று கல்லூரி நலப்பணி அலகில் இருக்கக்கூடும். சேவை செய்பவளும் சேவை பெறுபவளும் ஒரே வீட்டிலிருந்து வரும்போது, கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவினை உடைகிறது. இதைக் குறையாகக் கருதத் தேவையில்லை. தன் தாயின் வேலையை ஆய்வுப் பொருளாக எடுத்து ஒரு மாணவி எழுதுவாளானால், எந்த முகாமைவிடவும் அது ஊருக்குப் பயன்படும்.

2004 டிசம்பர், 2017 நவம்பர்

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க இரண்டு பேரிடர்கள் உதவுகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் இம்மாவட்டம் சுமார் 800 உயிர்களை இழந்தது; தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்த பேரிழப்பு. குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் அதிகம் அடிபட்ட ஊர்கள். மணக்குடிப் பாலமே பெயர்ந்து போனது. மக்கள் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தார்கள். அப்போது எந்தத் தலைப்பும் டில்லியிலிருந்து வரத் தேவைப்படவில்லை. உணவு, உடை, பெயர்ப் பட்டியல், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுதல் என்று தேவை கண்முன் நின்றது. சேவையின் மொழியும் ஊரின் மொழியும் அந்த நாட்களில் ஒன்றாக இருந்தன.

ஒக்கி புயல் வேறு மாதிரி. 2017 நவம்பர் 30 அன்று புயல் தாக்கியபோது ஆழ்கடலில் இருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆண்கள் திரும்பவில்லை. நிலத்தில் இருந்தவர்களுக்கு வேண்டியது சோற்றுப் பொட்டலத்தைவிடத் தேடுதல் வேட்டை. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்பதில் ஊரார் எடுத்த பட்டியலும் அரசின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். பெண்கள் பெருந்திரளாக இருந்தார்கள். பெயர் எழுதுவது, மனு எழுதுவது, தொலைக்காட்சிக்குப் பேசுவது எல்லாம் அந்த நாட்களின் உண்மையான ஊர்ப்பணி. அந்தக் கரையிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் தன் தெருவில் காணாமற்போனவர் பட்டியலை எழுதியிருந்தால், அது 240 மணி நேரத்தில் சேராது. அதே வாரத்தில் வேறோர் ஊரில் அவள் மரக்கன்று நட்டிருந்தால் சேரும். எதைச் சேவை என்று எண்ணுகிறோம் என்பதில் உள்ள கோளாறு இங்கே வெளிப்படையாகிறது.

மதிப்பெண்ணாக மாறிய தொண்டு

தரச்சான்று வழியே வந்த நான்காவது விடையை நீளமாக விளக்கத் தேவையில்லை. 1977இல் பல்கலைக்கழக மானியக் குழு, கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் நிகரான மூன்றாவது கடமையாக விரிவாக்கப் பணியை ஏற்றது. 1994இல் வந்த தேசிய தர மதிப்பீட்டு அமைப்பு அதைக் கல்லூரிகளை அளக்கும் அளவுகோல்களில் ஒன்றாக்கியது. தமிழ்நாட்டு இளங்கலைப் பாடத்திட்டத்தில் பகுதி ஐந்து என்ற பெயரில் விரிவாக்கப் பணிக்கு மதிப்பளவும் (கிரெடிட்) உண்டு. கட்டாயமா விருப்பமா என்ற பழைய வழக்கு இப்படிப் பின்கதவு வழியாகத் திரும்பியிருக்கிறது.

இதற்கு ஆதரவான வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எண்ணப்படாத உழைப்பு கவனிக்கப்படாமல் போகும். மதிப்பளவு வந்த பிறகே பல துறைகளின் ஆசிரியர்கள் இதற்கு நேரம் ஒதுக்கத் தொடங்கினார்கள். எதிர்வாதமும் அதே அளவு உண்மை. நிழற்படத்துக்கும் வருகைப் பதிவுக்கும் செலவாகும் கவனம் ஊரிடமிருந்து பறிக்கப்பட்ட கவனம். நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை ஏறுவதால் ஊருடனான உறவு ஆழப்பட்டது என்று கொள்ள முடியாது.

தீராதவை

மூன்று கேள்விகள் விடையின்றி நிற்கின்றன. முதலாவது, நலப்பணியில் இருந்த பெண்களின் பிற்கால வாழ்வில் அதன் தடம் என்ன? உள்ளாட்சித் தேர்தலில் நின்றவர்கள், சுயஉதவிக் குழுக்களை நடத்தியவர்கள், ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே ஊர் வழக்குகளை எடுத்துச் சென்றவர்கள் ஆகியோரில் எத்தனை பேருக்கு முதல் படி முகாமில் அமைந்தது என்பதைப் பெண்களிடமே கேட்டுத்தான் அறிய முடியும். முகாமால் தலைமை வளர்ந்ததா, தலைமைக் குணம் உள்ளவர்களே முகாமுக்குப் பெயர் கொடுத்தார்களா என்பதைப் பிரிப்பதும் எளிதன்று.

இரண்டாவது, தொடர்ச்சி பற்றியது. ஒரே கல்லூரி ஒரே ஊரோடு பத்து ஆண்டுகள் உறவு கொண்டால் விளைவு மாறுமா? பழைய மாணவியர் சங்கங்கள் பொன்விழா மலர் போடுவதோடு நிற்காமல் மிசிசிப்பிப் பெண்களைப்போல் தத்தெடுத்த ஊருக்குத் திரும்பி வந்தால் என்ன நிகழும்? மகளிர் கல்லூரிகள் பல அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட இம்மாவட்டத்தில் இதைச் சோதிக்க ஆள்பலம் உண்டு.

மூன்றாவது, ஆவணம். இப்பகுதியின் உயர்கல்வி சென்னை, திருவிதாங்கூர், மீண்டும் சென்னை, 1966 முதல் மதுரை, 1990 முதல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று கைமாறிக் கைமாறி வந்திருப்பதால் ஆவணங்களை ஓரிடத்தில் தேட முடியாது. அதோடு, நலப்பணி அறிக்கைகள் எழுதப்படுவது மேலே அனுப்புவதற்காக. முகாம் நடந்த ஊர் அவற்றைப் பார்ப்பதில்லை. சேவை பெற்றவர் குரல் இல்லாத சேவை வரலாறு ஒரு பக்கக் கணக்கே.

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஒரு மதிப்பீடு சொல்லலாம். மிஷன் விடை பெண்ணை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தது. காந்திய விடை அவள் ஊரோடு எப்படிப் பழக வேண்டும் என்று சொன்னது. அரசின் விடை ஆயிரக்கணக்கானோருக்கு அந்த வாய்ப்பைத் திறந்தது. மாணவியருக்குக் கிடைத்த பயன் ஓரளவு தெளிவு. ஊருக்குக் கிடைத்த பயன் இன்னும் நிறுவப்பட வேண்டியது. ஊரின் தேவையை ஊரிடம் கேட்டுத் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை அலகுக்கும் மாணவிக்கும் இருந்தால் மட்டுமே அது நிறுவப்படக்கூடும் என்று நினைக்கிறேன்.

மகளிர் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சிறப்பு முகாமின் முதல் நாளில், முன்பு அந்த ஊரில் நடந்த முகாம்களின் அறிக்கைகளை எடுத்துப்போய் ஊர்ப் பெண்கள் கையில் கொடுங்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் எழுத்தறிந்தவர்கள். படித்துப் பார்த்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அவர்களே ஓரத்தில் எழுதித் தருவார்கள்.